வண்டி வருது, வாங்க!

ரயில் என்றால் எனக்கு உயிர். யாரிடமாவது இதைச் சொன்னால், "எல்லா எஞ்சின் நம்பரும் மனப்பாடமா சார்?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். எந்த வண்டிக்கு எந்த ஷெட் எஞ்சின், எந்த ரேக் எங்கே போய்த் திரும்புகிறது, எந்தப் பாதை எப்போது மின்மயமானது என்று கேட்ட மாத்திரத்தில் சொல்வார்கள். அதிகாலை இருட்டில் கேமராவோடு பிளாட்பார முனையில் காத்து நிற்பார்கள். அவர்கள் மேல் எனக்கு அத்தனை மரியாதை. நான் சாதாரண ரசிகன். வண்டி வந்தால் நின்று பார்ப்பேன். ஜன்னலோர சீட் கிடைத்துவிட்டால் இறங்குகிற வரைக்கும் கண்ணை மூட மாட்டேன். ஓடுகிற வழியில் ஒரு தண்டவாளம் பிரிந்து போனால், அது எந்த ஊருக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் விட மாட்டேன்.

இந்த அளவு ஆசையே எவ்வளவு சந்தோஷம் தருகிறது என்று ஊரைக் கூட்டிச் சொல்லத் தோன்றுகிறது! அதிலும் இந்த ஆசை வீட்டில் எல்லோருக்கும் தொற்றிக்கொண்ட பிறகு கிடைக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு அளவே இல்லை. ஒன்றாம் வகுப்பு படிக்கிற மகனும், எழுபதைத் தாண்டிய அப்பாவும், சீரியல் தவிர எதையும் உட்கார்ந்து பார்க்காத மாமியாரும் ஒரே ஜன்னலுக்குப் போட்டி போடுகிற பொழுதுபோக்கு வேறு எது? எனக்குத் தெரிந்து இல்லை.

நாங்கள் இருப்பது திருச்சி. ரயில் பிடித்தவனுக்கு இதைவிட நல்ல ஊர் அமையாது. சென்னை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, திண்டுக்கல், கரூர் என்று ஐந்து பக்கமும் பாதை. தென்னிந்திய ரயில்வே கம்பெனி என்று ஒன்று இருந்த காலத்தில் அதற்குத் தலைமையிடமே இந்த ஊர்தான். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாக 1862-லேயே இங்கே ரயில் வந்துவிட்டது. பக்கத்தில் பொன்மலைப் பணிமனை. அங்கே டீசல் எஞ்சின் ஷெட்டும் உண்டு. ஊட்டி மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்களையே செய்துகொடுத்த இடம் அது. நீராவிக் காலம் முடிந்து எத்தனையோ வருடம் ஆன பிறகு, இந்த 21-ஆம் நூற்றாண்டில், நம் ஊர்த் தொழிலாளர்கள் பாய்லர் வைத்து, பிஸ்டன் வைத்து, பற்சக்கரம் வைத்து ஒரு நீராவி எஞ்சினைப் புதிதாகவே உருவாக்கியிருக்கிறார்கள் என்றால் எப்படிப்பட்ட கைகள் அவை!

வீட்டில் முதலில் இந்தப் பக்கம் சாய்ந்தது மகள். எஞ்சினின் பெயரிலுள்ள எழுத்துகளை ஒருநாள் பிளாட்பாரத்தில் வைத்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். வாப்-7 என்று ரசிகர்கள் சொல்வது டபிள்யூ, ஏ, பி என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்துத்தான். டபிள்யூ என்றால் அகலப்பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே 1,676 மில்லிமீட்டர். ஏ என்றால் மாறுதிசை மின்சாரத்தில் ஓடுவது. பி என்றால் பயணிகள் வண்டிக்கானது. பி இருக்கிற இடத்தில் ஜி இருந்தால் கூட்ஸ் இழுப்பது. ஏ இருக்கிற இடத்தில் டி இருந்தால் டீசல். மீட்டர் கேஜ் என்றால் முதல் எழுத்து ஒய். அவ்வளவுதான், பூட்டு திறந்துவிட்டது! அன்றைக்கே ஒரு கூட்ஸ் எஞ்சினைப் பார்த்து, "வாக்-9, அப்பா! அகலப்பாதை, கரண்ட், கூட்ஸ்!" என்று அவள் கத்தியதில் பக்கத்தில் நின்ற போர்ட்டர் அண்ணன் சிரித்துவிட்டார்.

அடுத்தது ஷெட் பெயர். ஒவ்வொரு எஞ்சினின் பக்கவாட்டிலும் அது எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்று எழுதியிருக்கும். ராயபுரம், அரக்கோணம், ஈரோடு என்பவை நம் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படுபவை. எப்போதாவது செகந்திராபாத் பக்கத்து லாலாகுடா வரும். விஜயவாடா வரும். டெல்லிக்குப் பக்கத்துக் காஜியாபாத் எஞ்சின் ஒன்று நம் ஊரில் வந்து நின்றால் எங்கள் வீட்டில் அன்றைக்குத் திருவிழாதான். அது எத்தனை ஆறு தாண்டி வந்திருக்கும் என்று மகள் அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு விரலால் வழி போட்டுப் பார்ப்பாள். யமுனை, சம்பல், நர்மதை, கோதாவரி, கிருஷ்ணா, பெண்ணாறு என்று இந்தியாவின் ஆறுகளை அவள் வடக்கிலிருந்து தெற்காகச் சொல்லப் பழகியது இப்படித்தான்.

பெட்டி எண்ணில் இருக்கிற விஷயம் இன்னும் அருமை. பெட்டியின் பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் அந்தப் பெட்டி தயாரான ஆண்டு. 14 என்று தொடங்கினால் 2014. மகள் பிறந்தது அந்த வருடம். பிளாட்பாரத்தில் வண்டி வந்து நின்றதும் அவள் ஒரு முனையிலிருந்து நடந்துகொண்டே "என் வயசுப் பெட்டி" தேடுவாள். கிடைத்துவிட்டால் அதன் பக்கவாட்டை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டுவிட்டு வருவாள். தம்பிக்கும் அதே ஆசை வந்து, அவன் பிறந்த வருடத்துப் பெட்டியை இருவரும் சேர்ந்து தேடுகிறார்கள். நம் பக்கத்து வண்டிகளில் நிறையப் பெட்டிகள் பெரம்பூர் ஐ.சி.எஃப்-பில் செய்தவை. 1955-இல் நேரு திறந்து வைத்த தொழிற்சாலை. சுவிட்சர்லாந்துக் கம்பெனி ஒன்றின் உதவியோடு தொடங்கி, வந்தே பாரத் வரைக்கும் வந்து நிற்கிறது. சென்னைக்குப் போனால் அதையொட்டிய ரயில் அருங்காட்சியகத்தைத் தவறவே விடாதீர்கள். பழைய எஞ்சின்களைப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். குட்டி ரயிலும் ஓடுகிறது. பள்ளி விடுமுறையில் அண்ணன் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துப்போன அன்றைக்கு, வெளியே கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது!

மகனுக்கு வேகம். அரியலூர், விருத்தாசலம் வழியாகப் போகிற கார்டு லைனில் சென்னைக்குப் போகும்போது நாங்கள் ஆடுகிற ஒரு விளையாட்டு இருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கு இன்றைக்கே சொல்லிக்கொடுங்கள். மின்பாதையில் ஒவ்வொரு கம்பத்திலும் சின்னத் தகடு ஒன்று இருக்கும். மேலே கிலோமீட்டர் எண், அதற்குக் கீழே அந்தக் கிலோமீட்டருக்குள் கம்பத்தின் வரிசை எண். மேல் எண் மாறுகிற கம்பத்தில் கடிகாரத்தைத் தொடங்க வேண்டும். அடுத்த முறை மேல் எண் மாறும்போது நிறுத்த வேண்டும். 3,600-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் வண்டியின் வேகம் கையில் வந்துவிடும். 40 விநாடி என்றால் மணிக்கு 90 கிலோமீட்டர். 36 என்றால் 100. மகன் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு தகட்டைப் பார்த்து "இப்போ!" என்பான். மகள் கடிகாரத்தை அழுத்துவாள். வகுத்தல் கணக்கும் அவள் பொறுப்பு. அரியலூர் தாண்டி விருத்தாசலம் பக்கம் நேர்பாதையில் வண்டி விட்டு வாங்கும்போது, "முப்பத்து மூணு! நூத்தி ஒன்பது அப்பா!" என்று அவள் சொன்னதும் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

எதிர் சீட்டில் மாமியார். "மாப்பிள்ளை, நிஜமாவா நூறுக்கு மேல போறோம்? டம்ளர்ல காபி தளும்பவே இல்லையே!" என்றார். எல்.எச்.பி. பெட்டியின் சிறப்பே அதுதான் அத்தை என்றும், ஜெர்மன் வடிவமைப்பு என்றும், பழைய பெட்டிகளைவிட ஆட்டம் குறைவு என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அந்தத் தகடு எங்க இருக்கு, காட்டுடி" என்று பேத்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். இப்போதெல்லாம் அவர் தனியாகச் சென்னைக்குப் போனாலும், "செங்கல்பட்டு கிட்ட நாப்பத்தஞ்சு விநாடி, எண்பதுலதான் போகுது" என்று பேத்திக்கு போன் வருகிறது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு சீசன் டிக்கெட்டில் போய்வந்த பள்ளிக்கூட வாத்தியார். அப்போது மீட்டர் கேஜ். இழுத்தது ஒய்.பி. நீராவி எஞ்சின். வீட்டில் அதிகம் பேசாதவர். பென்ஷன் வாங்கிய பிறகு இன்னும் குறைந்துபோயிற்று. பேப்பர், வாக்கிங், சாப்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சும்மா ஜங்ஷன் வரைக்கும் வாங்கப்பா" என்று கூட்டிக்கொண்டு போனேன். பெஞ்சில் உட்கார்ந்தார். தஞ்சாவூர் வண்டி கிளம்பியது. அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

"டேய், அப்பல்லாம் ஒத்த லைன். டோக்கன் இல்லாம வண்டி நகராது தெரியுமா?" என்று பேரனைப் பார்த்து ஆரம்பித்தார். ஒற்றைத் தடத்தில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்துவிடக் கூடாதே, அதற்காக ஒரு ஏற்பாடு. இரண்டு ஸ்டேஷனிலும் ஒன்றோடொன்று இணைத்த கருவி இருக்கும். ஒரு நேரத்தில் ஓர் உலோக உருண்டையைத்தான் வெளியே எடுக்க முடியும். அதைத் தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டி டிரைவரிடம் கொடுப்பார்கள். அந்த வளையம் கையில் இருந்தால்தான் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் தடம் அவருடையது. நிற்காத வண்டி என்றால் ஓடிக்கொண்டே பழைய வளையத்தை வீசிவிட்டு, புதியதைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்பா எழுந்து நின்றுகொண்டார். வலது கையை முழங்கையில் மடக்கி வெளியே நீட்டினார். "இப்படி நிப்பான் ஃபயர்மேன். வளையம் நேரா வந்து தோள்பட்டைக்கும் முழங்கைக்கும் நடுவுல விழும். இடி மாதிரி அடி. அசர மாட்டான்." மகன் எதிரே ஓடிப்போய், தன் பள்ளிக்கூடப் பையின் வாரை வளையமாக்கித் தாத்தா கையில் கொண்டுவந்து மாட்டினான். தாத்தா திருப்பிக் கொடுத்தார். நாலாம் நம்பர் பிளாட்பாரத்தில் தாத்தாவும் பேரனுமாக டோக்கன் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்பாவின் இந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அவர்தான் எங்கள் கைடு. 1977 ஆகஸ்ட் 15-ஆம் தேதி மதுரைக்கும் சென்னைக்கும் வைகை எக்ஸ்பிரஸ் விட்டபோது, மீட்டர் கேஜிலேயே இவ்வளவு வேகமா என்று ஜனங்கள் பேசிக்கொண்டதைச் சொல்வார். அரியலூர் பக்கம் மருதையாற்றைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்தி, 1956 நவம்பரில் வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்ததையும், அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டு விலகியதையும் பேத்திக்குச் சொல்வார். சென்னையிலிருந்து தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு என்று ஒரே டிக்கெட்டில் போன போட் மெயில் கதையை மட்டும் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பாடப் புத்தகத்தில் இல்லாத வரலாறு முழுக்க ஜன்னல் வழியாக ஓடுகிறது!

போட் மெயில் கதை கேட்ட பிறகு பாம்பனுக்குப் போகாமல் இருக்க முடியுமா? புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தார்கள். சில மாதங்களிலேயே குடும்பத்தோடு கிளம்பிவிட்டோம். திருச்சியில் காலையில் ராமேஸ்வரம் வண்டி ஏறினால் புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை, பரமக்குடி என்று நிதானமாகப் போகும். மண்டபம் வந்ததும் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்துகொண்டார்கள். இரண்டு பக்கமும் கடல். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் நீலம். நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள பாலத்துண்டு, கப்பல் வந்தால் லிஃப்ட் ஏறுகிற மாதிரி அப்படியே செங்குத்தாக மேலே போகும். கடல் மேல் இப்படியொரு பாலம் இந்தியாவிலேயே இதுதான் முதல். பக்கத்தில் 1914-இல் திறந்த பழைய பாலம் நின்றது. அதன் நடுப்பகுதி அந்தக் காலத்தில் இரண்டு கையாகப் பிரிந்து மேலே எழும். அதைத் தொழிலாளர்கள் கையாலேயே இயக்கினார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடி ரயிலை அடித்துக்கொண்டு போனது. பாலத்தையும் சிதைத்தது. இளம் எஞ்சினியராக இருந்த ஸ்ரீதரன் அதை 46 நாட்களில் மீட்டுக் கொடுத்தார். பின்னாளில் கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் கட்டினாரே, அதே ஸ்ரீதரன். அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பழைய பாலத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பிள்ளைகள் புதுப் பாலத்தின் கோபுரத்தைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். ஒரே பெட்டியில் இரண்டு பாலத்துக்கும் ரசிகர்கள்!

ஆனால் என்னைக் கேட்டால், ரயில் ஆசை கொஞ்சமாவது இருக்கிற ஒவ்வொரு குடும்பமும் முதலில் போக வேண்டியது மேட்டுப்பாளையத்துக்கு. ஊட்டி மலை ரயிலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பேசுவதெல்லாம் பத்தாது! முதல்நாள் ராத்திரியே போய்த் தங்கிவிட்டு, விடிகாலையில் ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள். 7.10-க்கு வண்டி. நீல எஞ்சின் ஆவி விட்டுக்கொண்டு நிற்கும். பக்கத்தில் போனால் முகத்தில் சூடு அடிக்கும். எண்ணெயும் ஈரமும் கலந்த ஒரு வாசனை. மகன் அதை மூச்சு முட்ட இழுத்துக்கொண்டு, "அப்பா, எஞ்சின் உயிரோட இருக்கு" என்றான்.

இந்த எஞ்சின் வண்டியின் முன்னால் நிற்காது. கீழ்ப்பக்கத்தில் நின்று மலை மேல் தள்ளிக்கொண்டு போகும். அதனால் முதல் பெட்டிக்கு முன்னே வெறும் பாதையும் காடும்தான். அந்தப் பெட்டியின் முன்பால்கனியில் பிரேக்ஸ்மேன் ஒருவர் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் வைத்துக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருவர் இப்படி உண்டு. முன்னால் நிற்பவர் கொடி காட்ட, அடுத்தவர் அதைப் பார்த்துக் காட்ட, கடைசியில் டிரைவருக்குச் சேதி போய்ச் சேரும். கம்ப்யூட்டர் இல்லை, வயர் இல்லை. மனிதர்களின் கண்ணும் கையும் மட்டும். நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லாறு வரைக்கும் சமவெளி. அங்கே வண்டி மெதுவாகி, தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்சட்டத்தில் எஞ்சினின் பற்சக்கரம் போய் உட்காரும். அந்த இடத்தை உடம்பாலேயே உணரலாம். ஒரு சின்னக் குலுக்கல், பிறகு அடியிலிருந்து ஒரு நறநறப்பு. இனிமேல் குன்னூர் வரைக்கும் பல்லைப் பல் கடித்துக்கொண்டு ஏற்றம். 12 அடி நகர்ந்தால் கிட்டத்தட்ட ஓர் அடி மேலே. எஞ்சினில் இரண்டு ஜோடி சிலிண்டர். ஒரு ஜோடி சாதாரணச் சக்கரத்தை ஓட்டும். அதிலிருந்து வெளியேறும் ஆவியை வீணாக்காமல் வாங்கி, இன்னொரு ஜோடி பற்சக்கரத்தைச் சுழற்றும். ஏற்றப் பகுதியில் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. போகவும் வேண்டாம்! இந்த வேகத்தில் போனால்தான் பாறையில் வழிகிற தண்ணீரைத் தனித்தனி இழையாகப் பார்க்க முடியும். பாலம் வந்தால் கீழே அதலபாதாளம். சுரங்கம் வந்தால் பிள்ளைகளோடு சேர்ந்து வண்டி மொத்தமும் "ஓ"வென்று கத்தும். மாமியாரும் கத்தினார். மொத்தம் 16 சுரங்கம். 16-க்கும் கத்தினார்!

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கிறது. எல்லோரும் இறங்கிக்கொள்ளலாம். குரங்குகள் கூரையிலிருந்து நம் கையையே பார்த்துக்கொண்டிருக்கும், ஜாக்கிரதை. என் மனைவி டீ டம்ளரோடு எஞ்சின் பக்கத்தில் போய் நின்றாள். கரியும் எண்ணெயும் பூசிய சட்டையோடு ஒருவர் எண்ணெய்க் கேனின் நீண்ட மூக்கைச் சக்கரங்களுக்கு நடுவே விட்டு, ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துப் பார்த்து விட்டுக்கொண்டிருந்தார். "என்னங்க, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற பக்குவம் தெரியுது பாருங்க இவர் கையில" என்றாள். குன்னூர் வரை இந்தப் பாதை 1899-இல் திறந்தது. ஊட்டி வரை 1908. யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 46 கிலோமீட்டரை ஏறி முடிக்க ஏறத்தாழ 5 மணி நேரம். பஸ்ஸில் போனால் இதில் பாதி நேரம்கூட ஆகாது என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும்.

மனைவிக்கு எஞ்சின் பெயரெல்லாம் அவ்வளவாக வேண்டாம். அவளுக்குப் பிடித்தது சின்ன ஸ்டேஷன்கள். அதற்காகவே நாங்கள் கரூர் பாதையில் பாசஞ்சர் வண்டியில் போகிறோம். அதுவும் என் மனதுக்கு மிக நெருங்கிய பாதை. திருச்சியை விட்டதும் கொஞ்ச நேரத்தில் காவிரி பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். ஜீயபுரம், பெருகமணி, பேட்டவாய்த்தலை, குளித்தலை, லாலாப்பேட்டை, மாயனூர். வழியெல்லாம் வாழை, வெற்றிலைக் கொடிக்கால், வாய்க்கால் மதகு. வாழை இலைக்கட்டோடு ஏறுகிற அம்மாக்களிடம் அவள் பேச ஆரம்பித்தால் குளித்தலைக்குள் அவர்கள் வீட்டுக் கல்யாணம் வரைக்கும் பேசி முடித்திருப்பாள். ஸ்டேஷனில் இறங்கி வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பிவிடுவோம். மஞ்சள் பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று போட்டிருப்பதை மகள் நோட்டில் குறித்துக்கொள்வாள். அடுத்த ஸ்டேஷனில் அது ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பாள். கரூரை நோக்கிப் போகப் போக எண் ஏறிக்கொண்டே போகும். அது காவிரி ஓடி வருகிற பக்கம். ஆறு ஏன் நம் ஊர்ப் பக்கம் பாய்கிறது என்பதை அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள்!

டீசல் எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் முடித்தால் மகன் கோபித்துக்கொள்வான். ஆல்கோ வகை டீசல் எஞ்சின்கள் 1960-களில் நம் நாட்டுக்கு வந்தவை. பிறகு வாரணாசியிலேயே செய்தார்கள். நின்றிருக்கும்போது அவை போடுகிற அந்தக் குடுகுடு சத்தமும், கிளம்பும்போது குப்பென்று கிளம்பும் கரும்புகையும், அடிவயிற்றில் வந்து இறங்குகிற அதிர்வும் வேறு எந்த எஞ்சினுக்கும் கிடையாது. பாதைகள் ஏறத்தாழ எல்லாமே மின்மயமாகிவிட்டதால் அவை ஒவ்வொன்றாக ஓய்வு பெறுகின்றன. பார்க்க நினைப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள். எங்காவது ஒன்று ஷண்டிங் செய்துகொண்டிருந்தால் மகனை அங்கிருந்து நகர்த்தவே முடியாது. வீட்டுக்கு வந்தும் அந்தச் சத்தத்தை அச்சு அசலாக எழுப்பிக்கொண்டே தூங்கிப்போகிறான்.

இதற்கெல்லாம் என்ன செலவு என்று நினைக்கிறீர்கள்? பாசஞ்சர் வண்டியில் குறைந்த கட்டணம் 10 ரூபாய். பிளாட்பாரம் டிக்கெட் 10 ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். தண்டவாளத்தில் இறங்கிப் படம் எடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம், படியில் தொங்குவதும் வேண்டாம். இவ்வளவு போதும். விழுப்புரம், காட்பாடி, ஜோலார்பேட்டை, ஈரோடு, மயிலாடுதுறை, மதுரை, திருநெல்வேலி என்று உங்கள் பக்கத்திலும் ஒரு ஜங்ஷன் இருக்கத்தான் செய்யும். ஓடுகிற வண்டி எது, எவ்வளவு நேரத்தில் வரும் என்று போனிலேயே தெரிந்துவிடுகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள். முதல் வண்டி வந்து நிற்கும்போது பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.